மூன்றாம் சிலிண்டரில் ஒரு சிவப்புக் கோடு

இசக்கிக்கு,

'அன்புள்ள மகளுக்கு' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அன்புள்ள என்று எழுதினால் எனக்கு ஏதோ வார்டு ஆபீசுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால் பேரை மட்டும் எழுதிவிட்டேன். நீ தமிழ் படிப்பது, சயான் சிக்னலில் பஸ் நகருகிற மாதிரி நின்று நின்றுதான் என்று தெரியும். பரவாயில்லை, எழுத்துக் கூட்டிப் படி. வேறு யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதே. மாப்பிள்ளையைக் கேட்கவும் வழியில்லை, அவருக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க, உக்காருங்க, போதும்' மூன்றும்தான். தை பிறந்தால் நீ கல்யாணமாகிக் கோபர்கைரனேக்குப் போய்விடுவாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நேற்று மைதீன் பாய் கராஜுக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். அங்கே அவர் ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கெட்ட செய்தி இல்லை, பயப்படாதே. அதைச் சொல்வதற்கு முன்னால், போன ஐப்பசியில் நடந்ததை நான் என் வாயால் ஒரு தடவை முழுதாகச் சொல்லியாக வேண்டும். பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியும் தெரிந்திருக்கிறது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் டெம்போ லைனில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைப்பதோடு எவன் நிறுத்துகிறான்? பக்கத்து வண்டிக்காரன் இரண்டு முழம் கட்டினால் நான் நாலு முழம் கட்டுவேன். இந்தத் தடவை இசக்கியம்மன் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, வண்டி மூஞ்சி முழுக்க மறைகிற மாதிரி கட்டி, அதன் மேல் இரட்டைச் சாமந்தி மாலை போட்டேன். மாலை தானாக வாடி விழ வேண்டும், கையால் கழற்றக் கூடாது என்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். மாலைக்கே அப்படி என்றால் அம்மன் படத்தை எவன் அவிழ்ப்பான்? டிராம்பே கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நீ அதைப் பார்த்துவிட்டு நின்றாய்.

"யப்பா, படத்தைக் கண்ணாடிக்கு மேல கட்டுங்க. கிரில்லை மூடிட்டா ரேடியேட்டருக்குக் காத்து எங்கேருந்து வரும்?"

"ஏட்டி, உம் பேரே அவ குடுத்தது. அவளா காத்தை மறிப்பா? ஒன் டிராம்பே கம்பெனி புத்தியெல்லாம் சாமி காரியத்துல காட்டாத, போ."

நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாய். லைனில் நாலு பேர் சிரித்தார்கள், எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாம் நாள், வாஷி மார்க்கெட்டில் மாட்டுங்கா கடைகளுக்கு வாழையிலையும் கறிவேப்பிலையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பம்பாயின் அக்டோபர் வெயில் தெரியுமே, மழை போன கோபத்தை எல்லாம் நம் தலையில் கொட்டும். கிரீக் பாலம் ஏறும்போதே சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும். 'முள் பொய் சொல்லுது, பழைய முள்தானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலை வாடினால் கடைக்காரர் பேசுவார், அந்த அவசரம். மான்குர்து சிக்னலில் கால் மணி நேரம் நின்றேன். செம்பூர் வந்தபோது சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி பொங்கி வந்தது. அந்த டெம்போவில் இன்ஜின் எங்கே இருக்கிறது? டிரைவர் சீட்டுக்கு அடியில். நான் அதன் மேலேதான் உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுதுவதை, நீ சோதித்துப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஓரத்தில் ஒரு கரும்பு ஜூஸ் கடை. தண்ணீர் கேட்டேன். "பைப்ல வரலை, இதுதான் இருக்கு" என்று ஐஸ் பெட்டிக்கு அடியில் உருகி நிற்கிற தண்ணீரைக் காட்டினான். கை வைத்தால் விரல் மரத்துப் போகிற தண்ணீர். கொதிக்கிற இன்ஜினை ஆறவிட வேண்டும் என்று வண்டி ஓட்டப் பழகிய முதல் வாரமே தெரிந்துகொண்டவன் நான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அந்த நான், துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இரண்டு வாளி ஐஸ் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை, விரலில் சொடக்கு எடுத்த மாதிரி. அவ்வளவுதான். அந்த ஒரு சத்தத்திலேயே நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து வண்டி நின்றது. இலையை வேறு வண்டியில் மாற்றிவிட்டு, அம்மன் படத்தையும் மாலையையும் அவிழ்த்துச் சீட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் மைதீன் பாய்க்குப் போன் போட்டேன். அந்த வரிசையைக் கவனி. எழுதாத சட்டமெல்லாம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

கயிறு கட்டித் தாராவிக்கு இழுத்து வந்தார்கள். நாற்பது வருஷமாகத் தெரிந்த மனுஷன் மைதீன் பாய். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாவட்டம், ஒரே வயசு, பம்பாய்க்கு வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். புகையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"என்ன அண்ணாச்சி செஞ்சீய?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, குரைத்தது. "நானா செஞ்சேன்? பூஜைக்கு முன்னால ரேடியேட்டர் ஹோஸ் மாத்துனது யாரு? கிளாம்ப ஒழுங்கா முறுக்காம விட்டுட்டு எங்கிட்ட கேக்கீரோ? ஒம்ம கையை நம்பிக் குடுத்தேன் பாரும், எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று எங்கள் லைன் நிற்கிற நடுரோட்டில், அத்தனை டிரைவர்கள் முன்னால், கத்தினேன். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தாராவியில் ஒரு மெக்கானிக்கிற்குக் கடை போர்டு முக்கியமில்லை, பேர்தான் முக்கியம். அந்த வாரமே மூன்று டிரைவர்கள் வண்டியை வேறு கராஜில் விட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜினுக்கு மேல் மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்த அன்று நீயும் வந்திருந்தாய். பதினோரு வருஷம் அதன் மேலே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன், அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். நீதான் விரல் வைத்துக் காட்டினாய்: இந்தப் பக்கம் டீசல் வெடிக்கிற நெருப்பு, இதோ இந்த ஓட்டைகளுக்குள்ளே தண்ணீர், நடுவில் இவ்வளவு கனம் இரும்பு. உன் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் தடவை அங்கே நெருப்பு வெடிக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. நான் வாஷியிலிருந்து பீடி குடித்துக்கொண்டு வருகிற நேரமெல்லாம், நான் உட்காருகிற இடத்துக்குக் கீழே இந்தச் சின்ன இரும்பு நெருப்பையும் தண்ணீரையும் சேரவிடாமல் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் ஒரு நாள்கூட அதை நினைத்ததில்லை. கோயிலில் நின்றால்கூட எனக்கு அப்படி ஒரு மலைப்பு வந்ததில்லை, அம்மன் என்னை மன்னிக்கட்டும்.

பாய் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "வளைஞ்சிருக்கு, விரிசல் மாதிரி தெரியலை. லேத்துல குடுத்து முகத்தை ஒரு வழி வழிச்சு, கேஸ்கெட் மாத்திப் போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும் அண்ணாச்சி" என்றார். நான் அவ்வளவு பேசியிருந்தும் 'அண்ணாச்சி'யை அவர் விடவில்லை.

"வேண்டாம். புதுசு வாங்கிப் போடும். இதை இன்னைக்கே பழைய இரும்புக் கபாடியில தூக்கிப் போட்டுரும்" என்றேன்.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பார்சலில் வருகிற சணலைக்கூட அவிழ்த்துச் சுருட்டி வைக்கிற மனுஷன், நல்ல இரும்பைத் தூக்கிப் போடச் சொல்கிறானே என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்கு அந்த ஹெட் கண் முன்னால் இருக்கக் கூடாது. அது இருந்தால் என்றைக்காவது பேசிவிடும் என்று பயம்.

"யப்பா, அவசரப்படாதீங்க" என்றாய். "விரிசல் இல்லேன்னா மைதீன் மாமா சொன்ன மாதிரி வழிச்சுப் போடலாம். விரிசல் இருந்து அது தண்ணி ஓட்டை வரைக்கும் போயிருந்தா வெல்டு வச்சாலும் நிக்காது, மாத்தித்தான் ஆகணும். ஆனா எதனால ஆச்சுன்னு தெரியணும். மெல்ல மெல்லச் சூடாகி வளைஞ்சதா, இல்ல கொதிக்கிறப்போ திடீர்னு குளுந்துச்சா? திடீர்னு குளுந்திருந்தா கீழ இன்ஜின் பிளாக்கும் வெடிச்சிருக்கலாம். அதைப் பாக்காம புது ஹெட் போட்டா அதுவும் வேஸ்ட். யப்பா, நீங்க தண்ணி ஏதும் ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன், ஆறுன பெறவு. சாதாத் தண்ணி" என்றேன். உன் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"சரிப்பா. ஞாயித்துக்கிழமை நான் டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்" என்றாய். அது வியாழக்கிழமை.

உன் வேலை என்னவென்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாராவது கேட்டால் 'குழாய் பாக்குற வேலை' என்பேன். ஞாயிறு காலையில் நீ பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாய். உன் நகக்கண்ணெல்லாம் சிவப்பாக இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வைத்த மருதாணி இன்னும் போகவில்லை போல என்று நினைத்தேன். முதல் டப்பாவால் ஹெட்டைத் துடைத்தாய். இரண்டாவதில் இருந்து சிவப்புச் சாயத்தை அடித்தாய். குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி ஹெட் முழுக்கச் சிவந்துவிட்டது.

"இப்போ பதினஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும். விரிசல் இருந்தா சாயம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் மேல இருக்கிறதைத் துடைச்சுட்டு வெள்ளைப் பொடி அடிச்சா, உள்ள இருக்கிறது தானா வெளிய வரும்" என்று சொல்லி, போனில் டைம் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாய். என்னைப் பார்க்கவே இல்லை. பாய் ஒரு மூலையில் நின்றார்.

அந்தப் பதினைந்து நிமிஷம் இருக்கிறதே, இசக்கி! எனக்கு உன் எட்டு வயசு ஞாபகம் வந்தது. டார்ச் லைட் காணவில்லை என்று உன்னை அடித்தேன், தெரியுமா? 'நான் எடுக்கலைப்பா' என்று அழுதாய், அதற்கும் சேர்த்து ஒரு அடி. சாயங்காலம் பார்த்தால் டார்ச் டெம்போவில் நான் வைத்த இடத்தில் இருக்கிறது. ஓசைப்படாமல் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். திரும்பினால் வாசலில் நீ நிற்கிறாய். நீ பார்த்தாய் என்றும் எனக்குத் தெரியும், நான் பார்த்ததை நீ பார்த்தாய் என்றும் தெரியும். நீ என் தட்டில் தோசையைக் கொண்டுவந்து வைத்தாய். அன்றைக்கு ஒரு வார்த்தை 'தப்பு என்னுது' என்று சொல்லியிருந்தால் எனக்கு அது பழகிப் போயிருக்கும். சொல்லவில்லை, அதனால் அந்த வார்த்தை இருபது வருஷம் தொண்டையில் துருப்பிடித்துக் கிடந்தது.

உன் போனில் எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. நாலு நிமிஷம் பாக்கி இருக்கும்போது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பாய், ஒம்ம மேல தப்பு இல்ல. கிளாம்ப் ஒழுங்காத்தான் இருந்துச்சு. படத்தைக் கட்டிக் காத்தை அடைச்சது நான். கொதிக்கக் கொதிக்க ஐஸ் தண்ணிய ஊத்துனது நான். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் ஒம்ம மேல பாஞ்சேன்."

சொல்லிவிட்டு உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றேன். பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, ஒரு டீ சொல்லட்டா?" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ சொன்னதும் அழுதுவிட்டேன்.

நீ எழுந்து சாயத்தைத் துடைத்தாய். ஹெட் பளிச்சென்று இருந்தது, ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பொடியை அடித்தாய். சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மூன்றாவது சிலிண்டரில், இரண்டு வால்வுக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி. அது மெல்ல நீண்டது. யாரும் தொடவில்லை, யாரும் வரையவில்லை, தலைமுடி கனத்தில் ஒரு கோடு தானாக வளர்ந்து தண்ணீர் ஓட்டை வரைக்கும் போய் நின்றது. "சுப்ஹானல்லாஹ்!" என்றார் பாய். கட்டை விரலைக் கண் முன்னால் வைத்துப் பார்த்தார். "இந்த விரலுக்குத் தெரியலையே அண்ணாச்சி, பிள்ளைக்குத் தெரிஞ்சிருச்சே." நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்குக் கேட்ட அந்த 'டக்' இதுதான். நான் மறைத்து வைத்திருந்ததை நீ என் கண் முன்னாலேயே சிவப்பில் எழுதிக் காட்டிவிட்டாய். இந்த வேலையையா நான் 'குழாய் பாக்குற வேலை' என்றேன்!

ஹெட்டை மாற்றுவதென்று முடிவாயிற்று. நான் ஐஸ் தண்ணீரைச் சொன்னதால் பிளாக்கையும் அதேபோலப் பார்த்தாய். நல்லவேளை, அதில் ஒரு கோடும் இல்லை. மறுநாள் காலையில் லைனுக்குப் போய், எங்கே கத்தினேனோ அங்கேயே நின்று, தப்பு யாருடையது என்று சொன்னேன். வேறு கராஜுக்குப் போன மூன்று வண்டியும் பாயிடம் திரும்பி வந்தன. பயல்கள் அன்றிலிருந்து எனக்கு 'ஐஸ் அண்ணாச்சி' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் இருக்கிறேன், ஒன்றே ஒன்று சொல்கிறேன். புது வீட்டில் கோபம் வரும், வராமல் இருக்காது. வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்து, ஆறவிடு, அப்புறம் மூடியைத் திற. ஆறாத இன்ஜினில் எந்தத் தண்ணீரையும் ஊற்றாதே. இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆறவிடுவது எப்படி என்று உனக்கா நான் சொல்லித்தர வேண்டும்?

நேற்று நடந்ததுக்கு வருகிறேன். அந்தப் பழைய ஹெட்டைக் கபாடிக்குப் போட நான்தான் விடவில்லை, பாய் கராஜ் வாசலில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்தேன். பாய் அந்த ஹெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ளை சொல்லக் கூடாதுன்னுச்சு. அதுக்குக் கல்யாணமே வந்தாச்சு, இனி என்ன" என்று ஆரம்பித்தார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நீ வேலையிலிருந்து நேரே கராஜுக்கு வந்தாயாம். சாயம் பூசினாயாம். கோடு வந்ததாம், கொதிக்கும்போது திடீரென்று குளிர்ந்தால்தான் அப்படி வெடிக்குமாம். ரேடியேட்டரில் அப்பிக் கிடந்த சாமந்தி இதழையும் பார்த்தாயாம். "அப்பா பொய் சொல்லிட்டாரு மாமா, உங்க பேரைக் கெடுத்துட்டாரு, மன்னிச்சுக்குங்க" என்று அவரிடம் அழுதாயாம். "வா பிள்ள, இப்பவே கூட்டிட்டு வந்து காட்டுவோம்" என்று பாய் கிளம்பியிருக்கிறார். "வேண்டாம் மாமா. காட்டினா ஒத்துக்குவாரு. ஆனா அப்புறம் என் மூஞ்சிய எப்படிப் பாப்பாரு? அவரே சொல்றதுக்கு ஒரு சான்ஸ் குடுப்போம்" என்றாயாம். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷை வைத்து, அந்தக் கோட்டுக்குள் இருந்த சாயத்தை எல்லாம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கழுவினாயாம். ஞாயிற்றுக்கிழமை பாய் 'சுப்ஹானல்லாஹ்' சொன்னது அந்தக் கோட்டை முதல் தடவை பார்த்து இல்லை. உன் நகத்தில் நான் பார்த்தது மருதாணியும் இல்லை.

இசக்கி, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாய், அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல நான் வாயத் திறக்காம இருந்திருந்தா?"

"நானும் அதைத்தான் கேட்டேன் அண்ணாச்சி. 'பொடி அடிக்காம இன்னொரு தடவை கழுவிட்டு மறுபடி பூசுவேன் மாமா, டப்பா நெறைய இருக்கு'ன்னுச்சு."

பத்திரிகையை அவர் கையில் கொடுக்க மறந்து, அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி போகணும்.

இப்படிக்கு,
ஐஸ் அண்ணாச்சி